ஐஸ் ஹொக்கியின் மிகப் பெரிய சண்டைக்காரர் யார்?

நீங்கள் கேட்டது இரண்டே வரி: "என்.எச்.எல். வரலாற்றில் மிக முரட்டுச் சண்டைக்காரர் யார்? டைகர் வில்லியம்ஸ் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன், சரிதானா, அல்லது இந்தச் சண்டைகளும் டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரி பேசிவைத்துச் செய்வதா?" (என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹொக்கி லீக்.) இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அதிகம் தண்டனை வாங்கியவர் யார், யாரோடு மோதுவதற்கு மற்றவர்கள் பயந்தார்கள், இது நிஜமா நடிப்பா. முதலாவதுக்குப் பதிவேடு பதில் சொல்லும். இரண்டாவதுக்கு நான் சொல்லப்போவது என் அபிப்பிராயம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுக்கு என் முன்பல்லே சாட்சி.

ஒன்ராறியோவில் பெரியவர்கள் ஆடும் உள்ளூர் லீக்குகளில் 17 ஆண்டுகள் லைன்ஸ்மனாக, அதாவது துணை நடுவராக, இருந்தேன். கோட்டைத் தாண்டினானா இல்லையா என்று பார்ப்பது அந்த வேலையின் பாதி. மற்றப் பாதி, அடிபடுகிறவர்களைப் பிரித்துவிடுவது. என்.எச்.எல். வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. அங்கே நடந்தவற்றை உங்களைப் போலத் திரையில் பார்த்தவன்தான். ஆனால் ஒரு ஹொக்கிச் சண்டை அரை முழத் தூரத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒருநாள் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் முழங்கை பின்னால் வந்ததில் முன்பல் பாதி போனது. ஆட்டம் முடிந்ததும் அவரே ஐஸ் பொட்டலத்தோடு எங்கள் அறைக்கு வந்து மன்னிப்புக் கேட்டு, அரை மணி நேரம் தன் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். இந்த விளையாட்டின் சண்டைக்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். என்.எச்.எல். இல் அதிகத் தண்டனை நிமிடங்கள் (தவறு செய்தவர் ஆடாமல் வெளியே உட்காரவேண்டிய நேரம்) டேவ் 'டைகர்' வில்லியம்ஸுடையவை, 14 பருவங்களில் சுமார் 3,970. ஒரே பருவத்துக்கான சாதனை டேவ் ஷூல்ட்ஸுடையது: 1974-75இல் பிலடெல்பியா ஃபிளையர்ஸுக்காக 472 நிமிடங்கள். அரை நூற்றாண்டாகியும் அதை யாரும் நெருங்கவில்லை. அந்த அணி 1974, 1975 இரண்டு ஆண்டும் லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றதால், அடித்தால் கோப்பை வரும் என்று மற்ற முதலாளிகள் நம்பத் தொடங்கினார்கள். இவ்வளவும் உறுதியான கணக்கு. ஆனால் தண்டனை நிமிடம் எதை அளக்கிறது என்று பாருங்கள். சண்டைக்கு 5 நிமிடம். தட்டிவிட்டால், இழுத்துப் பிடித்தால் 2 நிமிடம். நடுவரைத் திட்டினால் 10 நிமிடம். ஆக, கை பெரியவனைவிட வாய் பெரியவனுக்குக் கணக்கு வேகமாக ஏறும். வில்லியம்ஸ் இரண்டிலும் வஞ்சகமில்லாதவர். கோல் அடித்தால் மட்டையைக் குதிரைபோலக் கால்களுக்கு நடுவே வைத்து ஐஸில் சவாரி போவார். 241 கோல் அடித்தவர், வெறும் அடியாள் அல்ல. ஆனால் அவரோடு மோதப் பயந்து ஒதுங்கியவர்கள் அதிகம் என்று சொல்ல மாட்டேன். தொல்லை தருவதில் முதலிடம், பயமுறுத்துவதில் அல்ல. உங்கள் பட்டியல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

யாருக்குப் பயந்தார்கள் என்பதற்கு, சண்டை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். தரையில் நின்று குத்துகிறவனுக்குப் பலம் காலிலிருந்து வருகிறது. ஐஸில் காலுக்குப் பிடிமானம் கிடையாது. மூன்று மில்லிமீற்றர் அகலத் தகட்டில் நிற்கிறவன் ஓங்கிக் குத்தினால், குத்திய வேகத்தில் தானே சுழன்று விழுவான். அதனால் முதல் வேலை பிடிப்பது. வலது கைக்காரன் என்றால் இடது கையால் எதிராளியின் வலது தோள்பட்டைப் பக்கம் ஜெர்சியைக் கொத்தாகப் பிடிப்பான். இப்போது எதிராளியின் அடிக்கும் கை பாதி கட்டுண்டுவிட்டது, அதோடு அவனுடைய உடம்பே இவனுக்குத் தூணாகவும் ஆகிவிட்டது. அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே வலது கையால் குத்துவான். அதனால்தான் காணொளியில் இருவரும் ஒரு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுபோலத் தெரிகிறது. பிடி யாருடையதோ சண்டை அவருடையது. பஃபலோவில் ஆடிய ராப் ரே இதை நன்றாக விளங்கிக்கொண்டவர். சண்டை தொடங்கியதும் ஜெர்சி, தோள்கவசம் எல்லாவற்றையும் உதறிவிட்டு வெறும் மேலோடு நிற்பார். பிடிக்க ஒன்றுமில்லாத மனிதரை எப்படி அடிப்பது? கடைசியில் ஜெர்சியைக் காற்சட்டையோடு வாரால் கட்டாமல் சண்டைக்குப் போகிறவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதி வந்தது.

லைன்ஸ்மன்கள் ஏன் உடனே பாய்வதில்லை என்று நிறையப் பேர் கேட்பார்கள். கையுறைகளும் மட்டைகளும் கீழே கிடக்கும். முதலில் அவற்றைக் காலால் ஒதுக்கவேண்டும், இல்லாவிட்டால் விழுவது நாங்கள்தான். பிறகு இரண்டு லைன்ஸ்மன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ஒருவர் விழவேண்டும், அல்லது இருவரும் களைத்துக் கட்டிப்பிடித்து நிற்கவேண்டும், அப்போது இருவரும் ஒரே கணத்தில் உள்ளே போகவேண்டும். நான் மட்டும் போய் ஒருவனைப் பிடித்தால், மற்றவன், கை கட்டுண்டு நிற்கும் அவன் முகத்தில் குத்துவான். என் பல் போன நாளில் நான் அரைக் கணம் முந்திவிட்டேன்.

இனி ஆட்கள். அடியின் கனத்தை மட்டும் கேட்டால், பழைய வீரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர்கள் இரண்டு: டெட்ராய்டில் ஆடிய ஜோ கோச்சர், செயின்ட் லூயிஸில் ஆடிய டோனி ட்விஸ்ட். குத்தின் வேகத்தை யாரும் கருவி வைத்து அளந்ததில்லை, ஆகவே இது வாங்கியவர்களின் வாக்குமூலம் மட்டுமே. ஆனால் வாங்கியவர்களைவிட நல்ல சாட்சி யார்? 1989 பெப்ரவரியில் கோச்சரின் ஒரு வலது கைக் குத்து நியூயோர்க் ஐலண்டர்ஸின் பிராட் டால்கார்னோவின் கண்ணைச் சுற்றிய எலும்பை உடைத்தது. டால்கார்னோ அந்தப் பருவத்தின் மிச்சத்தை மட்டுமல்ல, அடுத்த பருவத்தையும் விட்டு விலகியிருந்தார். கோச்சரின் கையும் தப்பவில்லை. என்.எச்.எல். க்குக் கீழேயுள்ள லீக்கில் ஆடிய நாட்களிலேயே எதிராளியின் பல் அவர் கையை வெட்டி, காயம் சீழ் பிடித்து, அறுவைச் சிகிச்சை வரை போயிற்று. உறையில்லாத கை ஹெல்மெட்டில் இருபது தரம் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் பார்த்த உள்ளூர்ச் சண்டைகளில் உடைந்த மூக்குகளைவிட உடைந்த விரல் முட்டிகள் அதிகம்.

அடி வாங்கும் திறன் வேறு. அதில் டை டோமிக்கு நிகர் இல்லை. உயரம் 5 அடி 10 அங்குலம். இந்தத் தொழிலில் அது குள்ளம். ஆனால் தலை கருங்கல். இன்று அவருடைய 3,515 நிமிடங்களைவிட அதிகம் வைத்திருப்பவர்கள் இருவர் மட்டுமே. எட்டாத உயரத்துக்குத் துள்ளித் துள்ளிக் குத்துவார், பத்துக் குத்து வாங்கிவிட்டுச் சிரிப்பார். ரொறன்ரோவில் அவரை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். சண்டைக்குப் பிறகு செய்கிற கூத்து அதிகம்.

என் பதில் பாப் ப்ரோபர்ட். ஒன்ராறியோவின் வின்ட்சரில் பிறந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும் டெட்ராய்ட் அணிக்கே ஆடியவர். 6 அடி 3 அங்குலம். கோச்சரைப்போல ஒரு குத்தில் முடிப்பவர் அல்ல. அவரிடம் இருந்தது வேறு: முதல் 20 நொடியில் நன்றாக வாங்குவார், பார்க்கிறவர்கள் இன்றைக்கு ப்ரோபர்ட் தோற்றார் என்று நினைப்பார்கள், எதிராளிக்கு மூச்சு வாங்கத் தொடங்கும்போதுதான் இவருடைய சண்டை ஆரம்பிக்கும். 1994இல் மார்ட்டி மெக்ஸோர்லியோடு நடந்த சண்டை ஒன்றரை நிமிடத்தைத் தாண்டியது. சாதாரணச் சண்டை அரை நிமிடத்தில் படுத்துவிடும். ஸ்கேட் போட்டுக்கொண்டு முழுப்பலத்தோடு ஒன்றரை நிமிடம் அடிபடுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அந்தக் காணொளியை எழும்பி நின்று பார்ப்பார்கள்.

அவரை முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1987-88 பருவத்தில் 398 தண்டனை நிமிடங்கள், அதே பருவத்தில் 29 கோல்கள், 33 அசிஸ்ட்கள் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்கள்), ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடம். அந்த ஆண்டு பிளேஆஃபில் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில்) கோலும் அசிஸ்டும் சேர்த்து 21 புள்ளிகள் எடுத்து, டெட்ராய்டின் பழைய நட்சத்திரம் கோர்டி ஹோ வைத்திருந்த அணிச் சாதனையை முறியடித்தார். சண்டைக்கு மட்டும் வருகிறவனை எதிரணி கணக்கில் எடுக்காமல் விடலாம். இவரை விட முடியாது, விட்டால் கோல் போட்டுவிடுவார். கிட்டப் போனால் கையுறை கழன்றுவிடும். (கோர்டி ஹோ பெயர் வந்ததால் ஒரு சின்னச் செய்தி: ஒரே ஆட்டத்தில் ஒரு கோல், ஒரு அசிஸ்ட், ஒரு சண்டை எடுத்தால் அதற்குக் 'கோர்டி ஹோ ஹாட்ரிக்' என்று பெயர். ஹோ தன் நீண்ட வாழ்க்கையில் அதை இரண்டே தடவைதான் எடுத்தார். 1959இல் நியூயோர்க்கின் லூ ஃபொன்டினாட்டோவின் மூக்கை அவர் உடைத்த பிறகு, சண்டைக்கு அழைக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்பார்கள்.)

ப்ரோபர்ட்டின் மற்றப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. குடி, கொக்கெயின், 1989இல் வின்ட்சர் எல்லையில் கைது, சிறை. அதன் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்காவை விட்டு வெளியேற முடியாமல், கனடாவில் நடந்த ஆட்டங்களை அவர் விடவேண்டியிருந்தது. பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தக் கரையில்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. சில சண்டைகள் பேசிவைத்தவைதான், ஆனால் நடிப்பு அல்ல. பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) நடுவர் போடுவதற்கு முன் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். "போவமா?" என்பார் ஒருவர். மற்றவர் தலையை ஆட்டுவார். பக் விழும், கையுறைகளும் விழும். இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஜோர்ஜ் லராக் என்ற வீரர் ஒரு ஆட்டத்தில் சட்டைக்குள் மைக் மாட்டியிருந்ததால் அவர் எதிராளியிடம் சண்டைக்குச் சம்மதம் கேட்டதும், சம்மதித்தவுடன் மரியாதையாக வாழ்த்துச் சொன்னதும் பதிவாகி உலகமே கேட்டது. ஆனால் அதன் பிறகு விழுந்த அடிகள் உண்மையானவை. யார் வெல்வார் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போல நேரம் குறிப்பதுண்டு, அவ்வளவுதான்.

பேசிவைக்காதவையும் உண்டு. அவைதான் நினைவில் நிற்பவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் நாங்கள் பத்துப்பேர் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்த காலம். 1993 மே, ரொறன்ரோவுக்கும் லொஸ் ஏஞ்சலஸுக்கும் அரையிறுதி. மெக்ஸோர்லி எங்கள் டக் கில்மோரை இடித்து வீழ்த்தினார். அணித்தலைவர் வெண்டல் கிளார்க் பாய்ந்து போய் மெக்ஸோர்லியை அடித்தார். என் மாமாவுக்கு ஹொக்கியில் ஒரு விதியும் தெரியாது. சோற்றுக் கோப்பையோடு எழும்பி நின்று "அடியடா அவனை" என்றார். சண்டைக்காரன் என்ற வேலையின் தொடக்கமே அதுதான், கெட்டிக்காரப் பெடியனை இடித்தால் கேட்க ஒரு ஆள் வரும். எட்மன்டனில் பெரும் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு டேவ் செமென்கோ அப்படி நின்றார். 1988இல் கிரெட்ஸ்கியை லொஸ் ஏஞ்சலஸுக்கு விற்றபோது கூடவே போனவர்களில் ஒருவர் இதே மெக்ஸோர்லி. இன்னொன்று 1997 மார்ச் 26, டெட்ராய்ட். முந்தைய ஆண்டு பிளேஆஃபில் கொலராடோவின் குளோட் லெமியூ, கிரிஸ் டிரேப்பரைப் பின்னாலிருந்து பலகையில் இடித்து முகத்தை உடைத்திருந்தார். டிரேப்பரின் நண்பர் டாரன் மெக்கார்ட்டி அந்த இரவு லெமியூவைப் பிடித்தார். லெமியூ ஆமைபோலத் தலையை மூடிக்கொண்டு படுத்தார். கோல்காப்பாளர்கள் இருவரும்கூட நடு ஐஸுக்கு வந்து அடிபட்டார்கள். கடைசியில் மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவரும் மெக்கார்ட்டிதான்.

குத்துச்சண்டை வீரரோடு மோதினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பதுண்டு. 1983இல் எட்மன்டனில் செமென்கோ முகம்மது அலியோடு மூன்று சுற்றுக் காட்சிப் போட்டி ஆடினார். ஓய்வு பெற்று, நாற்பதைக் கடந்த அலி விளையாட்டாகத்தான் ஆடினார், அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. தரையில் குத்துச்சண்டைக்காரர் வெல்வார், ஐஸில் அவரால் நிற்கவே முடியாது என்பது என் ஊகம்.

விலையைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. டெரெக் பூகார்டை இன்றைய பெடியன்கள் பலர் முதலிடத்தில் வைப்பார்கள். 6 அடி 7 அங்குலம். 277 ஆட்டங்களில் 3 கோல்கள், அதிலிருந்தே அவருடைய வேலை என்ன என்று விளங்கும். 2006 அக்டோபரில் டொட் ஃபெடொருக்கின் கன்ன எலும்பை ஒரு குத்தில் நொறுக்கினார். தகடு வைத்துப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே ஃபெடொருக் பூகார்டின் மினசோட்டா அணிக்கு வந்து அதே உடைமாற்றும் அறையில் அவரோடு இருந்தார். 2011 மே மாதம் பூகார்ட் மதுவும் வலிநிவாரணி மாத்திரையும் சேர்ந்து 28 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2010 ஜூலையில், ப்ரோபர்ட் 45 வயதில் படகில் மாரடைப்பு வந்து இறந்தார். இருவர் மூளையிலும் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. சிதைவை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இங்கே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் இதைக் குழப்புகிறார்கள். அந்த மூளைகளில் சிதைவு இருந்தது உறுதி. அந்தச் சிதைவுதான் அவர்களின் போதைப் பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் காரணம் என்பது உறுதி அல்ல. குடியும் மாத்திரையும் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்த வாழ்க்கையில் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கஷ்டம். 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு 1967க்குப் பிறகு ஆடிய சுமார் ஆறாயிரம் வீரர்களைப் பார்த்தது. சண்டைக்காரர்கள் மற்றவர்களைவிட அதிக எண்ணிக்கையில் இறக்கவில்லை. ஆனால் இறந்தவர்கள் தங்களோடு ஒப்பிடத்தக்க வீரர்களைவிட சராசரியாக 10 ஆண்டு முந்தி இறந்தார்கள், போதை மருந்தாலும் தற்கொலையாலும் அதிகமாக. நான் வைத்தியன் அல்ல, இதற்கு மேல் இழுத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

லைன்ஸ்மனாக நான் பயந்தது குத்துக்கு அல்ல, விழுதலுக்கு. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் சீனியர் லீக் ஆட்டம் ஒன்றில் 21 வயது வீரர் ஒருவர் சண்டையில் ஹெல்மெட் கழன்று, தலை ஐஸில் மோதி, சில வாரங்களில் இறந்தார். அதன் பிறகு நான் யாருடைய கையையும் பார்ப்பதில்லை, தலையைத்தான் பார்ப்பேன். விழத் தொடங்கினால் என் கை அவர் பிடரிக்குக் கீழே போகும். என்.எச்.எல். இல் 2013 முதல், சண்டைக்கு முன் தானாக ஹெல்மெட்டைக் கழற்றினால் கூடுதல் தண்டனை. அந்தப் பருவத்தின் முதல் நாளே மொன்றியலில் ஜோர்ஜ் பாரோஸ் சண்டையில் தடுமாறி முகம் குப்புற விழுந்து மயங்கினார். பிரின்ஸ்டனில் படித்த அந்த மனிதர்தான் 2017 முதல் என்.எச்.எல். இன் வீரர் பாதுகாப்புத் துறைக்குத் தலைவர்.

இன்று அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2008-09 பருவத்தில் 700க்கு மேற்பட்ட சண்டைகள், ஏழு ஆண்டு கழித்து அதில் பாதியும் இல்லை. 1992இல் வந்த, சண்டையைத் தொடக்குகிறவருக்குக் கூடுதல் தண்டனை என்ற விதியைக் காரணமாகச் சிலர் காட்டுவார்கள். எனக்கு அது போதாது. நான்காவது வரிசையில்கூட வேகமாக ஓடத் தெரிந்தவன் வேண்டும் என்ற நிலை வந்ததும், ஐந்து நிமிடம் ஆட ஒரு மலையை வைத்திருக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் அணைந்துவிடவில்லை. 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் ரேஞ்சர்ஸும் டெவில்ஸும் பக் விழுந்த கணமே ஐந்து ஐந்து பேராக அடிபட்டார்கள், எட்டுப்பேர் வெளியே. 2025 பெப்ரவரியில் மொன்றியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் 9 நொடிக்குள் மூன்று சண்டைகள். அந்த ஆறு பேரில் ஒருவரும் வாடகை அடியாள் அல்ல, எல்லோரும் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்.

ஒரே ஒரு காணொளி பார்க்க நேரம் இருந்தால் ப்ரோபர்ட்டும் டோமியும் மோதிய இரண்டாவது சண்டையைத் தேடுங்கள். 1992 பெப்ரவரியில் நியூயோர்க்கின் மெடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் நடந்த முதலாவதில் டோமி ப்ரோபர்ட்டின் கண்ணுக்கு மேலே கிழித்துவிட்டு, குத்துச்சண்டைப் பட்டியை இடுப்பில் கட்டுவதுபோலச் சைகை காட்டிக்கொண்டு போனார். ப்ரோபர்ட் பத்து மாதம் காத்திருந்தார். டிசம்பர் 2, அதே அரங்கு, ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் ப்ரோபர்ட்டின் குத்தும் கையைப் பார்ப்பார்கள், நீங்கள் பிடிக்கிற கையைப் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு நிறுத்திவிடாதீர்கள். டெட்ராய்டின் இருக்கையில், வாழ்நாள் முழுக்க அமைதிக்குப் பேர்போன அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன், டோமியைப் பார்த்து அதே பட்டியை இடுப்பில் கட்டிக் காட்டுவார்.